உளியைத் தீட்டுமுன் கண்ணைக் காப்போம்



மொன்றியலில் குளிர்காலம் தொடங்கினால் இளைப்பாறிய எமது மூத்தவர்கள் சிலர் வீட்டுப் பேஸ்மென்டில் மரச்சிற்ப வேலையில் இறங்கிவிடுகிறார்கள். மயிலும் பிள்ளையாரும் உருவாகின்றன. மனதுக்கும் விரல்களுக்கும் இது நல்ல பயிற்சி. வைத்தியர் என்ற முறையில் நாம் இதை வரவேற்கிறோம். எமது கவலை உளி தீட்டும் மின்சாரச் சாணைச் சக்கரத்தைப் பற்றியது.

ஊரில் ஆசாரியார் கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தீட்டினார். இங்கு விற்கும் 6 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 3,450 தடவை சுழல்கிறது. அதன் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். கியூபெக் நெடுஞ்சாலையில் கார் ஓடும் வேகம் இது. அந்த வேகத்தில் பறக்கும் பொறி கண்ணில் பட்டால் "தூசிதானே" என்று இருந்துவிடுகிறோம். கசக்குகிறோம், சேலைத் தலைப்பால் துடைக்கிறோம். இரும்புத் துகள் சில மணி நேரத்திலேயே துருப்பிடித்து, கருவிழியில் துரு வளையம் உண்டாக்கிவிடும். சிறு துகள் கண்ணைத் துளைத்து உள்ளே சென்றும், நோ அதிகம் இல்லாமல் இருக்கலாம். அப்படி நடந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள்.

மூச்சும் முக்கியம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மணற்கல் சக்கரத்தில் கத்தி தீட்டிய பலர் நுரையீரல் நோயால் இளவயதிலேயே இறந்தார்கள். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல் தீட்டும் தொழிலாளரையும் அதே சிலிக்கா தூசு தாக்கியது. இன்றைய சக்கரங்கள் பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட்டால் ஆனவை, ஆபத்துக் குறைவு. ஆனாலும் உலோகத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. மரத்தூசை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

கவனிக்க வேண்டியவை:

- வாசிக்கும் கண்ணாடி போதாது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் முகக் கவசமும் அணியுங்கள்.
- கையுறை, சால்வை, தொங்கும் சங்கிலி வேண்டாம். சக்கரம் இழுத்துக்கொள்ளும்.
- புதிய சக்கரத்தைப் பொருத்துமுன் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காவிட்டால் வெடிப்பு இருக்கலாம், பாவிக்க வேண்டாம்.
- மெருகேற்றும் துணி, தோல் சக்கரங்களில் உளியின் கூர்முனை சக்கரத்தை எதிர்த்து நிற்கக்கூடாது. எதிர்த்தால் உளி பறந்து வரும்.
- கண்ணில் துகள் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். உறுத்தல் நீடித்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். துளைத்ததாகச் சந்தேகித்தால் கழுவவோ அழுத்தவோ வேண்டாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆலோசனைக்கு 811 இலக்கம்.

தொழிற்சாலையில் பாதுகாப்புச் சாதனம் கொடுப்பது முதலாளியின் கடமை. சட்டமும் உண்டு, பரிசோதகரும் உண்டு. வந்த புதிதில் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதைக் கேட்காமலே வேலை செய்தவர்கள் எம்மில் பலர். அந்தப் பழக்கத்தைப் பேஸ்மென்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். இங்கே முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே. கேட்க யாருமில்லை.

எனவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவுக்குச் சாணை இயந்திரம் பரிசளித்தால், கண்ணாடியையும் முகக் கவசத்தையும் அதே பையில் வைத்துக் கொடுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். கண் இருந்தால்தான் சிற்பம்.