வாக்குப்பதிவுக்கு முன்பே கணக்கு வேண்டும்

அரசியல் கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்று, பெயர் மறைத்து நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்து 2024 பிப்ரவரி 15 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகக் கூறிவிட்டது. அந்த உரிமை எந்த நாளில், எந்த இடத்தில் வாக்காளரின் கைக்கு வந்து சேர வேண்டும் என்ற கேள்வி மட்டும் இன்னும் தீராமல் நிற்கிறது. வாக்குப்பதிவு முடிந்து மாதங்கள் கழித்து, மாவட்டத் தலைநகரிலோ தில்லியிலோ ஒரு கோப்பில் சேரும் தகவல் ஆய்வாளருக்கு உதவலாம். வாக்குச்சாவடி வாசலில் நிற்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. தேர்தல் பணத்தின் கணக்கு வாக்குப்பதிவுக்கு முன்பே வாக்காளரின் ஊருக்கு வந்தாக வேண்டும் என்பதற்குச் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் அரிது.

ஏற்காடு சட்டப்பேரவைத் தொகுதி, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தமிழகத்தின் இரண்டு தொகுதிகளுள் ஒன்று, மற்றொன்று சேந்தமங்கலம். சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினர் ஊர்களோடு, கீழே வாழப்பாடிச் சமவெளியும் கல்வராயன் மலைப்பகுதியான கருமந்துறையும் இத்தொகுதியில் அடங்கும். சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைத் தேர்தலில் இது கள்ளக்குறிச்சியோடு சேர்கிறது. இத்தொகுதியின் அ.தி.மு.க. உறுப்பினர் பெருமாள் காலமானதை அடுத்து 2013 டிசம்பர் 4 அன்று நடந்த இடைத்தேர்தலில், அவருடைய மனைவி சரோஜா 1,42,771 வாக்குகளும் தி.மு.க. வேட்பாளர் மாறன் 64,655 வாக்குகளும் பெற்றனர். ‘மேற்கண்ட எவரும் இல்லை’ என்னும் நோட்டா பொத்தான் தமிழகத்தில் முதன்முதலாக வைக்கப்பட்ட தேர்தல் அதுவே. அதை அழுத்தியவர்கள் 4,431 பேர். வாக்குப்பதிவோ 89 சதவீதத்தைத் தாண்டியது.

அந்தத் தேர்தலில் பெரிய மாநிலங்களின் சட்டப்பேரவை வேட்பாளர் ஒருவர் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 16 லட்சம் ரூபாய். தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 2.40 லட்சம் என்பதால், சட்டப்படி ஒரு வேட்பாளர் ஒரு வாக்காளருக்காகச் செலவிடக்கூடிய தொகை ஏழு ரூபாய்க்கும் குறைவு. மாநில அமைச்சர்கள் முகாமிட்டிருந்த, அன்றைய முதல்வர் ஜெயலலிதா நேரில் வந்து வாக்குக் கேட்ட, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மானப் பிரச்சினையாகக் கருதிய ஒரு தேர்தல் இந்த ஏழு ரூபாய்க்குள் நடந்து முடிந்தது என்று மலையில் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். உச்சவரம்பு 2014இல் 28 லட்சமாகவும் 2022இல் 40 லட்சமாகவும் உயர்ந்த பிறகும், ஒரு தமிழகத் தொகுதியின் சராசரி வாக்காளர் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்தால் கிடைப்பது தலைக்குப் பதினைந்து ரூபாய் அளவே.

இந்த இடைவெளியைக் கண்டறியத் தேர்தல் ஆணையம் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது என்பதும், அது உண்மையில் உழைப்பு மிகுந்த ஏற்பாடு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஆணையத்தின் ஊழியர்கள் தனியாக ஒரு ‘நிழல் கண்காணிப்புப் பதிவேடு’ பராமரிக்கிறார்கள். வேட்பாளர் தம் செலவைத் தாமே எழுதும் கணக்குக்கு இணையாக, அதிகாரிகள் தாங்கள் கண்டதை எழுதி வைக்கும் ஏடு அது. ஒரு பொதுக்கூட்டம் நடந்தால் காணொளிக் குழு அதைப் படம் பிடிக்கிறது. மற்றொரு குழு அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்து, எத்தனை நாற்காலி, எத்தனை வண்டி, எத்தனை ஒலிபெருக்கி, மேடையின் அளவு என்ன என்று எண்ணுகிறது. நாற்காலி வாடகை முதல் தேநீர், சாப்பாட்டுப் பொட்டலம் வரை மாவட்டத் தேர்தல் அதிகாரி முன்கூட்டியே நிர்ணயித்த விலைப்பட்டியலைக் கொண்டு அந்த எண்ணிக்கை ரூபாயாக மாற்றப்படுகிறது. பிரசாரக் காலத்தில் மூன்று முறை வேட்பாளரின் கணக்கை வரவழைத்து, செலவினப் பார்வையாளர் என்னும் மத்திய அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்டதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பச் செய்கிறார்.

ஆக, ஒரு வேட்பாளர் எவ்வளவு மறைக்கிறார் என்பது வாக்குப்பதிவுக்குப் பல நாட்களுக்கு முன்பே அரசின் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அந்த ஏட்டின் ஒரு பக்கம்கூட மாரமங்கலத்திலோ நாகலூரிலோ செம்மநத்தத்திலோ ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படுவதில்லை. தேர்தல் முடிவு வந்து 30 நாட்களுக்குள் வேட்பாளர் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்தால் போதும் என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 78ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குள் வென்றவர் பதவியேற்று முடித்திருப்பார்.

வேட்பாளரின் கணக்கு முழு உண்மையைச் சொன்னாலும் அது பாதிக் கதையே. கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்காகச் செய்யும் செலவும், ‘நட்சத்திரப் பேச்சாளர்’ என்று ஆணையத்திடம் பெயர் கொடுக்கப்பட்ட தலைவர்களின் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் சேர்வதில்லை. கட்சியின் செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது. இந்தக் கதவை அடைக்க உச்ச நீதிமன்றம் 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் முயன்றது. வேட்பாளருக்காக, அவர் அறியக் கட்சி செய்த செலவும் அவர் கணக்கில் சேரும் என்று அத்தீர்ப்பு கூறிய சில வாரங்களில் அன்றைய ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைச் செல்லாததாக்கியது. கட்சிக்கும் உச்சவரம்பு விதிப்பது குறித்து அதன்பின் எத்தனையோ குழுக்கள் பேசிவிட்டன. எந்த ஆளுங்கட்சியும் அசையவில்லை.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் செலவாகும் பணத்தின் பெயர் தமிழகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு பணப்பட்டுவாடா ஒரு ‘ஃபார்முலா’வாகவே பேசப்பட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணத்தின் காரணமாகவே ரத்து செய்யப்பட்டன. ஒரே மாநிலத்தில் மூன்றாண்டுக்குள் நான்கு தேர்தல்கள். நான்கிலும் சில மாதங்களில் மறுதேர்தல் நடந்து வெற்றி பெற்றவர்கள் பதவியேற்றார்கள். அந்தப் பணம் யாருடையது என்ற கேள்விக்கு நிலைநாட்டப்பட்ட விடை அந்த வாக்காளர்களுக்கு மறுதேர்தல் நாளிலும் தரப்படவில்லை.

‘மக்களே வாங்கிக்கொள்கிறார்கள், பிறகு யாரைக் குறை சொல்வது’ என்னும் வாதம் படித்தவர்களிடையே எளிதில் எழுகிறது. காபித் தோட்டத்தில் வாரக் கூலிக்கு வேலை செய்து, மிளகு விலையும் மழையும் ஒத்துழைத்தால் மட்டும் கடனில்லாமல் ஆண்டைக் கழிக்கும் ஒரு குடும்பத்தின் மீது இந்தப் பழியைச் சுமத்துவது அநியாயம். கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்தான்; ஆனால் வாங்குபவருக்குத் தெரிவது தொகையும் கொண்டுவந்து கொடுத்த உள்ளூர்க்காரரின் முகமும் மட்டுமே. அந்தப் பணத்தை முதலில் புறப்படச் செய்தவர் யார், தேர்தலுக்குப் பிறகு அரசிடம் அவர் எதைக் கேட்டுப் பெறுவார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அது தெரிந்த பிறகும் மலைவாசிகள் அந்தப் பணத்துக்கு இதே மதிப்பைத் தருவார்களா என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இது ஏற்காட்டுக்கு வெறும் தத்துவக் கேள்வி அன்று. சேர்வராயன் மலையின் உச்சிப் பகுதிகளில் அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட் கிடைக்கிறது. மேட்டூரில் 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ, இம்மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட்டைக் கொண்டே இயங்கியது. 1990களின் நடுவில் அது ஸ்டெர்லைட்-வேதாந்தா குழுமத்தின் கைக்குப் போய், 2008இல் அலுமினியம் உருக்குவதை நிறுத்தியது. அதே குழுமத்தின் பெயர்தான் அரசியல் நிதி பற்றிய இந்தியாவின் முக்கியமான வழக்குகளில் ஒன்றில் வருகிறது. பிரிட்டனில் பதிவான வேதாந்தா ரிசோர்சஸின் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட், சேசா ஆகியவற்றிடமிருந்து நன்கொடை பெற்றதன் வழியே காங்கிரசும் பா.ஜ.க.வும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறியிருப்பதாக 2014 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் கண்டது. கட்சிகள் மேல் நடவடிக்கை வரவில்லை, சட்டமே மாறியது. எது ‘வெளிநாட்டு’ நிறுவனம் என்ற வரையறை 2016 நிதிச் சட்டத்தின் மூலம் 2010 வரையிலும், 2018 நிதிச் சட்டத்தின் மூலம் 1976 வரையிலும் பின்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. பிந்தைய மசோதா மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. பின்னர் தேர்தல் பத்திர விவரங்கள் 2024 மார்ச்சில் வெளியானபோது, அதிகம் வாங்கிய முதல் சில நிறுவனங்களுள் ஏறத்தாழ 400 கோடி ரூபாயுடன் வேதாந்தா இருந்தது.

இந்த நன்கொடைகளுக்கும் சேர்வராயன் மலையின் சுரங்கங்களுக்கும் தொடர்பு உண்டு என்பது இங்கே வாதம் அன்று. சுரங்கக் குத்தகையை வழங்குவதும் புதுப்பிப்பதும் நிறுத்துவதும் அரசுகள். அந்த அரசுகளை அமைப்பவை கட்சிகள். கட்சிகளுக்குப் பணம் தருபவர்களுள் சுரங்கத் தொழில் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். தன் ஊர் மலையைத் தோண்டிய குழுமம் எந்தக் கட்சிக்கு என்ன கொடுத்தது என்பதை அறிய, நாகலூர்ப் பக்கத்து வாக்காளர் ஒருவர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே குற்றச்சாட்டு. இந்தக் குறை ஒரு கட்சிக்கு உரியதுமன்று. பத்திரங்கள் மூலம் தி.மு.க. பெற்ற 656.5 கோடி ரூபாயில் 509 கோடி லாட்டரித் தொழில் நடத்தும் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது என்பதும், 2019 மக்களவைத் தேர்தலும் 2021 சட்டப்பேரவைத் தேர்தலும் முடிந்து வெகுகாலம் கழித்து அதே 2024இல்தான் வாக்காளருக்குத் தெரிந்தது.

பத்திரம் ஒழிந்தாலும் தாமதம் ஒழியவில்லை. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் நிதியாண்டு முடிந்த பிறகு, வருமான வரிக் கணக்கின் கெடுவுக்குள் ஆணையத்திடம் தந்தால் போதும். தமிழகம் 2021 ஏப்ரல் 6 அன்று வாக்களித்தது. அந்த ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நிறுவனம் கொடுத்த நன்கொடை 2021-22 நிதியாண்டில் சேர்வதால், அது வெளிவருவதற்கான கெடு 2022இன் பிற்பகுதியில்தான் வரும். ‘தேர்தல் அறக்கட்டளை’ என்னும் இன்னொரு வழியும் உண்டு: நிறுவனங்களிடம் பணம் திரட்டிக் கட்சிகளுக்குப் பகிர்ந்து தரும் இந்த அமைப்புகள் கொடுத்தவர் பட்டியலையும் பெற்றவர் பட்டியலையும் தனித்தனியே தருவதால், யார் பணம் யாருக்குப் போனது என்பது இரண்டுக்கும் நடுவில் கரைந்துவிடுகிறது. பிரிட்டனில் பொதுத் தேர்தல் காலத்தில் கட்சிகள் பெரிய நன்கொடைகளை வாரந்தோறும் தெரிவிக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தலில், வாக்குப்பதிவுக்கு முந்தைய கடைசி 20 நாட்களில் வேட்பாளருக்கு வரும் 1,000 டாலரும் அதற்கு மேலுமான நன்கொடையை 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அந்நாடுகளிலும் பணம் ஒளிந்துகொள்ள வேறு வழிகள் கண்டிருக்கிறது என்றாலும், தேர்தலுக்கு முன் தெரிவிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

கொடுத்தவரின் பெயரை வெளியிட்டால் எதிர்த்தரப்பு பழிவாங்கும் என்ற அச்சத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏற்காடு போன்ற சிறிய ஊரில், ஒரு மளிகைக் கடைக்காரர் எந்தக் கட்சிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார் என்று பலகையில் எழுதிப் போடுவது கொடுமையாகவே முடியும். அதனால்தான் 20,000 ரூபாய்க்குக் கீழான தொகைக்குச் சட்டம் பெயர் கேட்பதில்லை; தேர்தல் பத்திரத் தீர்ப்பும் சாதாரண ஆதரவாளரின் நன்கொடையையும் பெருநிறுவனத்தின் நன்கொடையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. கோடிகளைக் கொடுப்பவருக்கு அந்தக் கடைக்காரரின் பாதுகாப்பைக் கோர உரிமை இல்லை.

ஆகவே தேர்தல் ஆணையம், அரசமைப்பின் 324ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு, நிழல் பதிவேட்டின் அன்றாடப் பக்கத்தைத் தமிழில், வேட்பாளர் காட்டிய தொகையும் அதிகாரிகள் கண்ட தொகையும் அருகருகே தெரியும்படி, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டச் செய்ய வேண்டும். இணையதளத்தில் பதிவேற்றுவது மட்டும் மலையூர்களுக்குப் போதாது. பெரிய நன்கொடைகளைத் தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள் முதல் வாரந்தோறும் வெளியிடக் கட்சிகளைக் கட்டாயப்படுத்தவும், அறக்கட்டளைப் பணத்தில் கொடுத்தவரையும் பெற்றவரையும் இணைத்துக் காட்டவும், கட்சிச் செலவைத் தொகுதிவாரியாகப் பிரித்துச் சொல்லவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். தமிழகத்தின் கட்சிகள் உண்மையிலேயே இதை விரும்பினால், சட்டம் வரும்வரை காத்திராமல் தங்கள் பட்டியலைத் தாங்களே வெளியிடத் தடை எதுவும் இல்லை.

அதுவரை வாக்காளருக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. வேட்பாளர்கள் தாக்கல் செய்த செலவுக் கணக்கை, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி, எவரும் மாவட்டத் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் பார்வையிடலாம் என்று தேர்தல் நடத்தை விதிகளின் 88ஆம் விதி கூறுகிறது. ஏற்காட்டின் கிராம சபைகளும் இளைஞர் மன்றங்களும் சேலத்துக்கு ஆளனுப்பி, தங்கள் தொகுதியில் நின்ற அத்தனை பேருடைய கணக்கையும் கேட்டு வாங்கிப் படித்து, அடுத்த கிராம சபையில் ஊர் அறிய வாசிக்க வேண்டும்.