நான் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை

போன வருடம் எங்கள் வளாகக் கண்காட்சியில் ஒரு ஜெட் விமானம் பறந்தது. போம் போர்ட்டால் செய்தது. நாற்பது செக்கன் பறந்தது. இறங்கியது என்று சொல்ல ஏலாது, வேலியோரமாக விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு செய்தித்தளத்தில் தலைப்பு: "விமானம் கண்டுபிடித்து கலைப்பீட மாணவன் சாதனை". அந்த மாணவன் நான்தான். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. நான் படிப்பது வரலாறு, அவர்கள் போட்டது புவியியல். அதெல்லாம் போகட்டும். "கண்டுபிடித்து" என்ற சொல்லைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

அந்த விமானத்தின் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. வேறொரு நாட்டில் யாரோ வரைந்து, யாரும் எடுத்துச் செய்யலாம் என்று போட்டிருந்தார். நான் செய்தது அதை ஏ-4 தாள்களில் அச்சடித்து, செலோடேப்பால் ஒட்டி, போர்டில் வைத்து வெட்டியது. மோட்டரும் சேர்வோவும் சீனாவிலிருந்து வந்த சாமான். இதில் என்னைக் கண்டுபிடிப்பாளன் என்றால் அந்த வரைபடக்காரர் ஆர்? மற்ற ஆளின் வேலைக்கு என் பெயரைப் போட்டுவிட்டுக் கை தட்டினால் அதுக்குப் பெயர் களவு. தளத்துக்கு எழுதினேன். "தம்பி, நல்ல செய்திதானே, விடுங்கோ" என்று பதில் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஜெட்டே இல்லை. ஜெட் வடிவத்தில் வெட்டிய அட்டை. உடம்பின் பின்பகுதியில் ஒரு நீள்துவாரம் வெட்டி, அதற்குள் 6 அங்குல புரொப்பெல்லர் சுற்றுகிறது. வானத்தில் போகும்போது புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே ஜெட். கொஞ்சம் கூடக் காசுள்ளவர்கள் குழாய்க்குள் விசிறி வைத்துச் செய்வார்கள், சத்தமும் ஜெட் மாதிரி வரும். அதுவும் மின்விசிறிதான்.

சரி, அப்ப இதில் என்னதான் இருக்கு?

விழுகிறது இருக்கு. கண்காட்சியில் பறந்தது என் நாலாவது விமானம். முதலாவது கையை விட்டு இரண்டு மீற்றர் போக முதல் மூக்கால் நிலத்தில் குத்தியது. எலிவொன் இரண்டும் தலைகீழாக வேலை செய்தன. ஏறு என்று நான் குச்சியை இழுக்க அது இறங்கியது. பறக்க விட முதல் ஒருக்கா அசைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அவசரத்தில் பார்க்கவில்லை. இரண்டாவது வால் பாரம். மூக்கை வானத்துக்குத் தூக்கி, அப்படியே நின்று, செத்த காகம் மாதிரி விழுந்தது. பறக்க விடுகிறவர்களிடையே ஒரு பேச்சு இருக்கு: மூக்குப் பாரமென்றால் மோசமாகப் பறக்கும், வால் பாரமென்றால் ஒருதரம்தான் பறக்கும். பற்றரியை இரண்டு சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளியிருக்க வேணும், அவ்வளவுதான் விசயம்.

மூன்றாவதன் கதை எங்கள் ஊர்க் கதை. கரும்சாம்பல் பெயின்ற் அடித்து, பெருமையாக, மத்தியான வெய்யிலில் மதிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். குளூ கன்னால் ஒட்டின பசை சூட்டில் இளகிவிட்டது. மோட்டர் வைத்த பலகை நூல் அளவு சரிந்ததை நான் கவனிக்கவில்லை. 2200 கேவி மோட்டர், மூன்று செல் பற்றரி, 11.1 வோல்ட். புரொப்பெல்லர் மாட்டாமல் என்றால் நிமிடத்துக்கு 24,000 சுற்றுக்கு மேல் போகிற மோட்டர். மாட்டினால் குறையும், ஆனாலும் அந்த வேகத்தில் நூல் அளவு சரிவு போதும். புரொப்பெல்லர் துவாரத்தின் விளிம்பைத் தின்று, விமானத்தை இரண்டாக அறுத்தது. என் விரல் அந்தப் பக்கம் இருக்கவில்லை என்பது என் கெட்டித்தனம் இல்லை.

செய்தியில் இந்த மூன்றும் இல்லை. நாற்பது செக்கன் மட்டும்தான் இருந்தது.

இப்ப நீங்கள் கேட்கலாம், ஒரு பெடியனைப் பாராட்டினால் உனக்கு என்ன குறைந்துவிட்டது என்று. குறையுது. பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் ரெஜிபோமில் ஒன்றைச் செய்து பறக்க விடுகிறான். உடனே பொன்னாடை, பிரதம விருந்தினர், "இளம் விஞ்ஞானி", கீழே "நாசா கூப்பிடும்" என்று கருத்துகள். அடுத்த வருடம் அவன் எங்கே என்று ஆரும் தேடுவதில்லை. விஞ்ஞானி என்று பெயர் வாங்கின பிள்ளைக்கு அடுத்த விமானத்தை ஆட்களுக்கு முன்னால் உடைக்கத் துணிவு வருமா? பக்கத்து வீட்டுப் பெடியனுக்கோ அது ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்ட சாமான். கண்டுபிடிப்பு என்றால் ஊருக்கு ஒருவன் போதும். கைவேலை என்று சொல்லியிருந்தால் பத்துப் பேர் கட்டர் பிளேட் வாங்கியிருப்பார்கள்.

பறக்கிற சாமானைப் பாராட்டத் தெரியாத ஆட்களும் இல்லை நாங்கள். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போய் நின்று பாருங்கோ. ஆள் உயரத்தைவிடப் பெரிய பட்டங்கள் ஏறும். ஒருவரையும் விஞ்ஞானி என்று ஆரும் கூப்பிடுவதில்லை. ஆனால் ஒரு பட்டம் குத்தினால், ஐஸ்பழம் விற்கிறவர்கூட "முச்சை பிழை, மேல்நூலைக் கொஞ்சம் இழுத்துக் கட்டு" என்று கத்துவார். விண் கூவுகிற சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்லுகிற கிழவர்கள் இருக்கினம். அந்தக் கூட்டத்தின் கைதட்டுக்கு ஒரு பெறுமதி இருக்கு, ஏனென்றால் அது கூக்காட்டவும் தெரிந்த கூட்டம். என் இரண்டாவது விமானம் விழுந்ததும் பட்டத்தின் முச்சை பிழைத்தது மாதிரியான விசயம்தான். அதைச் சொல்ல எங்கள் வளாகத்தில் ஒரு ஆள் இருக்கவில்லை. "சூப்பர் மச்சான்" என்று சொல்ல ஐம்பது பேர் இருந்தார்கள். தெரியாதவர்களின் பாராட்டு எவ்வளவு தனிமையாக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்தது அந்த "கலைப்பீட" என்ற சொல். ஏதோ ஆடு சைக்கிள் ஓடின மாதிரி. "இது பொறியியல் பிள்ளைகள் செய்யிற வேலையல்லோ?" என்று ஒரு சேரும் சிரித்துக்கொண்டு கேட்டார். சாதாரண தரம் முடிந்த கையோடு, பதினாறு வயதில், பிள்ளைகளைத் துறை துறையாகப் பிரித்துவிட்டு, பிறகு பிரித்த கோட்டைத் தாண்டினால் அதிசயம் என்கிறோம். எனக்கு ஒரு சமன்பாடும் தேவைப்படவில்லை. அட்டையின் ஒரு பக்கத் தாளை மட்டும் வெட்டி, மற்றப் பக்கத் தாளைக் கீலாக விட்டு, விளிம்பை 45 பாகையில் சீவத் தெரிந்தால் போதும். செட்டைக்கு நடுவில் மூங்கில் சிலாகை ஒன்று, சேர்வோவை இணைக்கக் குடைக்கம்பி.

என் செட்டையின் மேலே இன்னொரு போம் துண்டை ஒட்டி ஒரு படி வைத்திருக்கிறேன். போம் விமானம் செய்கிறவர்கள் பலர் வைப்பது. அதை முதலில் செய்த ரிச்சர்ட் கிளைன் நியூயோர்க்கில் விளம்பர நிறுவனமொன்றின் கலை இயக்குநர். கடதாசி விமானம் மடித்து மடித்துத்தான் அந்தப் படிக்கு வந்தவர். ஃபுளோய்ட் ஃபோகிள்மன் என்ற கூட்டாளியோடு சேர்ந்து 1972 இல் காப்புரிமை எடுத்தார். பிறகு காற்றுச்சுரங்கத்தில் சோதித்தவர்கள் அதில் பெரிய நன்மை ஒன்றும் இல்லை என்றார்கள். பெரிய விமானத்துக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் அட்டைச் செட்டைக்கு அது விறைப்பு கொடுக்குது, வெட்டவும் சுகம், அதனால் இன்னும் உயிரோடு இருக்கு. அவரிடம் ஆரும் போய் நீ ஆர்ட்ஸ்தானே என்று கேட்டிருப்பார்களோ தெரியாது.

சரியான கேள்வியைக் கேட்டது ஒரு ஆள் மட்டும்தான், அது அம்மா. சாம்பல் பெயின்ற் காய்ந்துகொண்டிருந்தபோது வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டா: "தம்பி, இதை ஏன் கிபிர் மாதிரிச் செய்தனி?"

முக்கோணச் செட்டைதான் அட்டையில் செய்ய லேசு, வால் தேவையில்லை, இரண்டு சேர்வோவோடு முடிந்துவிடும் என்று விளக்கினேன். எல்லாம் உண்மை. ஆனால் அவ கேட்டது அதை இல்லை. 1996 இல் இஸ்ரேலிடம் வாங்கின அந்த விமானத்தின் பெயர் வன்னியில் குழந்தைகளுக்கும் தெரியும். 2009 இல் எனக்கு ஆறு வயது. முகங்கள் பெரிதாக ஞாபகமில்லை, சத்தம் ஞாபகமிருக்கு. அந்த வடிவத்தைப் பதினைந்து வருடம் கழித்து, ஆசையாக, சாம்பல் நிறம்கூட அடித்து, நானே வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஏன் எனக்கு அது வடிவாகத் தெரிந்தது? என்னிடம் பதில் இல்லை. நாலாவதுக்கு மேலே மஞ்சளும் கீழே சிவப்பும் ஒட்டினேன். தூரத்தில் மேல் எது கீழ் எது என்று தெரிய அது வேணும்தான், ஆனால் அதுக்காக மட்டும் ஒட்டவில்லை. இப்பவும் முற்றத்தில் மோட்டரைச் சோதித்தால் அவ உள்ளே போய்விடுவா.

"சாதனை" என்று எழுதினவர்கள் அந்த வடிவத்தைப் பார்த்தார்களா? ஜெட் வடிவம் எங்கள் வானத்தில் என்ன சொல்லும் என்று ஒரு வரி யோசித்தார்களா? பெருமை என்ற சொல் எல்லாத்தையும் மூடிவிட்டது.

பொன்னாடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான் இருக்கு. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆளில்லாமல் பறக்கிற எல்லாவற்றுக்கும் தடை வந்தது ஞாபகமிருக்கும். இன்றைக்கும் ரிமோட்டோடு ஒரு வெளியில் தனியாக நிற்கிற பெடியனுக்கு, அதுவும் வடக்கில், வயிற்றுக்குள் ஒரு பயம் இருக்கும். அனுமதியோடு பறக்க விட ஒரு மைதானத்தை, மாதத்தில் ஒரு ஞாயிறு, எடுத்துத் தாருங்கோ. உங்கள் கடிதத்தலைப்புக்கு அது முடியும், என் கையெழுத்துக்கு முடியாது. படம் எடுக்க வரத் தேவையில்லை.

ஐந்தாவது விமானம் மேசையில் பாதி ஒட்டினபடி கிடக்கு. வரைபடம் அதே ஆளுடையது, இந்தமுறை அவரின் பெயரைச் செட்டையில் எழுதியிருக்கிறேன். காலபோகம் வெட்டி முடிய, மாமாவின் வயலில், பின்னேரம் காற்று விழுந்த பிறகு எறிவம். வரக்கூடியவர்கள் வாருங்கோ. முச்சை கட்டத் தெரிந்த ஆள் ஆரும் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கோ.