எங்கும் போகாத பெண்களும் நிதி ஒதுக்கப்படாத கேள்விகளும்

இந்திய நகரங்களின் போக்குவரத்துத் திட்டங்களுக்கு அடியில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. வீடு வீடாகச் சென்று, முந்தைய நாள் அவ்வீட்டார் ஒவ்வொருவரும் எங்கிருந்து எங்கே, எதற்காக, எதில் ஏறி, எவ்வளவு நேரத்தில், என்ன செலவில் போனார்கள் என்று கேட்டு நிரப்பும் தாள் அது. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கைக்குப் பின்னர் நகரங்கள் விரிவான போக்குவரத்துத் திட்டங்களைத் தயாரிக்கத் தொடங்கின. அத்தகைய திட்டம் இன்றி மெட்ரோவுக்கு மத்திய நிதியுதவி இல்லை என்று 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை விதித்தது. கிலோமீட்டருக்குப் பல நூறு கோடி ரூபாய் கேட்கும் தடங்கள் எங்கே ஓட வேண்டும் என்ற வாதத்தின் முதல் சான்றுகளில் ஒன்று இந்தத் தாளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆனால் அதிலுள்ள கேள்விகளை எந்த மொழியில், எந்தச் சொல்லால், யார், எத்தனை நேரம் செலவிட்டுக் கேட்பது என்பதற்குக் கணக்கெடுப்பின் செலவுத் திட்டத்தில் பெரும்பாலும் ஒரு தனி வரிகூட இருப்பதில்லை.

போக்குவரத்துப் பொறியியலில் 'ட்ரிப்' என்பது கறாரான கலைச்சொல். ஒரு நோக்கத்துக்காக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் ஒருவழி நகர்வு அது. கடைக்குப் போய்த் திரும்பினால் இரண்டு. குழந்தையைப் பள்ளியில் விட்டு, வழியில் காய்கறி வாங்கி, வீடு திரும்பினால் மூன்று. இந்த வரையறை எந்த இந்திய மொழியிலும் ஒற்றைச் சொல்லாக உறங்கிக் கிடக்கவில்லை. தமிழில் 'பயணம்' என்றால் பெட்டி கட்ட வேண்டும். இந்தியில் 'யாத்ரா' என்றால் காசியோ கேதாரமோ நினைவுக்கு வரும். 'சஃபர்' என்றால் ரயிலாவது வேண்டும். ரேஷன் கடைக்குப் போவதைப் பயணம் என்று சொல்லும் மனிதர் எங்கும் இல்லை.

எனவே, "நேற்று என்னென்ன பயணங்கள் மேற்கொண்டீர்கள்?" என்று தாராவியில் தமிழ் பேசும் ஒரு வீட்டு வாசலில் கேட்டால், "எங்கேயும் போகலையே, வீட்லதான் இருந்தேன்" என்ற பதிலே வரும். காலையில் பால் வாங்கியது, பிள்ளையைப் பள்ளியில் விட்டது, மாமியாருக்கு மாத்திரை வாங்கியது, மாலையில் பிள்ளையை அழைத்து வந்தது எல்லாம் அந்தப் பதிலுக்குள் மறைந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பேசும் மொழியில் அது நேர்மையான பதில்தான். படிவத்திலோ அவருக்கு நேரே பூஜ்ஜியம் விழுகிறது. பிறகு அந்தப் பூஜ்ஜியம் அவரைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்களின் பிரதிநிதியாகப் பெருக்கப்பட்டு, மாதிரியின் முதல் படிநிலைக்குள் நுழைகிறது.

ஆய்வுலகம் இதை அறியாததன்று. பயணக் கணக்கெடுப்புகளில் 'எங்கும் போகாதோர்' விகிதத்தை ழான்-லூப் மாத்ர், கே ஆக்ஸ்ஹவுசன், வெர்னர் ப்ரோக் ஆகிய மூவரும் ஒப்பிட்டு 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேலை நாளொன்றில் இவ்விகிதம் 8 முதல் 12 சதவீதம் வரை இருப்பதே இயல்பு என்றும், அதற்கு மிகுந்தால் கணக்கெடுப்பின் தரத்தைத்தான் ஐயுற வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டனர். அது பெரிதும் ஐரோப்பிய அனுபவம்; அந்த எண்ணை இந்திய நகரத்தின் மீது அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் பூஜ்ஜியங்களை முதலில் ஐயுற வேண்டும் என்ற பழக்கத்தைக் கடன் வாங்குவதற்குச் செலவு ஏதும் இல்லை.

மொழிபெயர்ப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டால் விடை வியப்பூட்டும்: வீட்டு வாசலில். ஆங்கிலத்தில் அச்சான படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கெடுப்பாளர் தமக்குத் தெரிந்த மொழியில் தமக்குத் தோன்றியபடி கேட்கிறார். பத்துப் பேர் சென்றால் பத்துக் கேள்வித்தாள்கள் உருவாகின்றன. ஒன்றும் எழுத்தில் இருப்பதில்லை. (அவசரத்தில் வினைச்சொல்லை விழுங்கிவிட்டு, "கல் கித்னே சக்கர்?" என்று இந்தியில் கேட்டால், 'கல்' நேற்றா நாளையா என்பதையும் எதிரில் இருப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.) 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு, தமிழ், தெலுங்கு, உருது ஒவ்வொன்றும் பத்து சதவீதத்தைத் தாண்டுகின்றன. ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பு 2002 முதல் ஒரு விதியைப் பின்பற்றுகிறது: ஒரு நாட்டில் 5 சதவீதத்தினரேனும் முதல்மொழியாகப் பேசும் ஒவ்வொரு மொழியிலும் கேள்வித்தாள் இருக்க வேண்டும். இரு மொழிபெயர்ப்பாளர்கள் தனித்தனியே பெயர்த்து, குழுவாக அமர்ந்து சீர்தூக்கி, களத்தில் சோதித்து, ஒவ்வொரு முடிவையும் பதிவு செய்வார்கள். மொழிகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் நாட்டில், போக்குவரத்துக் கணக்கெடுப்புக்கு இந்த விதி ஆடம்பரமாகத் தெரிகிறது.

நிதி இல்லை என்பதே வழக்கமான விடை. நிதி இருக்கிறது, அது வேறிடத்தில் கரைகிறது. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் எண்ணிச் சரிபார்க்கத் தக்க ஒரே பொருள் வீடுகளின் எண்ணிக்கை. ஆகவே '1 சதவீத வீடுகள்', '2 சதவீத வீடுகள்' என்று சதவீதத்தில் கேட்கிறார்கள். இதன் வேர் 1950களில் அமெரிக்கப் பொதுச் சாலைகள் பணியகம் வெளியிட்ட ஒரு பட்டியல்: 50 ஆயிரத்துக்குக் குறைந்த ஊரில் ஐந்து வீட்டுக்கு ஒன்று, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நகரில் 25 வீட்டுக்கு ஒன்று, மிகக் குறைந்த அளவாக நூற்றுக்கு ஒன்று. இந்தியப் பாடநூல்கள் இன்றும் அதை அச்சிடுகின்றன. ஆனால் மாதிரிப் பிழை, நகரில் எத்தனை சதவீதம் கேட்கப்பட்டது என்பதைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. எத்தனை வீடுகள் என்ற முழு எண்ணையே சார்ந்திருக்கிறது. எளிய சமவாய்ப்பு மாதிரியில் 20,000 பேரைக் கேட்டால், பாதிப் பேர் செய்யும் ஒரு செயலின் விகிதம் ஏறத்தாழ 0.7 சதவீதப் புள்ளி கூடக்குறைய வரும். 5,000 பேரைக் கேட்டால் அது 1.4. தெருத்தெருவாகக் கொத்தாக வீடுகளைத் தேர்ந்தால் இரண்டும் சற்று ஏறும். அந்த முக்கால் புள்ளிக்காக நான்கு மடங்கு வீடுகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். தவறாகக் கேட்கப்பட்ட கேள்வியின் சாய்வோ 5,000 வீட்டிலும் 20,000 வீட்டிலும் அதே அளவுதான்.

பகுதிக்குப் பகுதி எத்தனை பேர் போகிறார்கள் என்ற அட்டவணைக்கு அந்த எண்ணிக்கை வேண்டும் என்பார்கள். நகரை 500 பகுதிகளாகப் பிரித்தால் அட்டவணையில் இரண்டரை லட்சம் கட்டங்கள். 20,000 வீடுகளில் வீட்டுக்கு எட்டு நகர்வுகள் பதிவானாலும் 1,60,000தான். கட்டத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. எப்படியும் மீதியை மாதிரிக் கணிப்பும் சாலையோர வாகன எண்ணிக்கையும்தான் நிரப்புகின்றன. அப்படியிருக்க, வீட்டுக்கு வீடு அவசரமாக ஓடி எதை மீட்டார்கள்?

கூலி முறை இந்தக் கேட்டை முழுமையாக்குகிறது. நிறைவு செய்த படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும்போது, பதிவாகும் ஒவ்வொரு கூடுதல் நகர்வும் கணக்கெடுப்பாளருக்குக் கூலியில்லாத ஒரு வரிசை: புறப்பட்ட இடம், நேரம், ஏறிய வாகனம், இறங்கி நடந்த தூரம், கட்டணம். எங்கும் போகாதவர் இருக்கும் வீடு அவருக்கு லாபம். வெயிலில் அலையும் அந்த இளைஞரைக் குறை சொல்வது அற்பத்தனம். அவர் விலைப்பட்டியலுக்கு உண்மையாக நடந்துகொள்கிறார். பகலில் சென்றால் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இல்லை. இருப்பவர் அவர்களுக்காகவும் பதில் சொல்கிறார். மகனின் அலுவலகம் நினைவிருக்கும். அவன் வழியில் இறங்கிய இடங்கள் இருக்காது. மாலையில் மறுபடி வரக் கூலி இல்லை.

இதில் விடுபடுவோர் தற்செயலாக விடுபடுவதில்லை. ஒரு கிலோமீட்டர் நடந்து மூன்று வேலை முடிப்பவர் விடுபடுகிறார். காரில் 15 கிலோமீட்டர் அலுவலகம் செல்பவர் ஒருபோதும் விடுபடுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் எப்படிப் பயணிக்கிறீர்கள் என்ற கேள்வியைப் பணியிடத்துக்குச் செல்லும் 'மற்ற தொழிலாளர்' என்ற பிரிவினரோடு நிறுத்திக்கொண்டது. விவசாயியும் விவசாயக் கூலியும் இல்லத்தரசியும் அதற்கு வெளியே. இதே நாட்டில் கவனமாகக் கேட்டபோது வேறு சித்திரம் தெரிந்தது. உலக வங்கி ஆய்வாளர்கள் 2004இல் மும்பையில் 5,000 வீடுகளில் நடத்திய ஆய்வில், வேலைக்குச் செல்வோரில் 44 சதவீதத்தினர் நடந்தே சென்றனர். பராமரிப்புக்காகச் செய்யும் நகர்வுகளைத் தனி நோக்கமாக எண்ண வேண்டும் என்று ஸ்பெயினின் இனெஸ் சாஞ்செஸ் தெ மதாரியாகா வாதிட்டதும் இதனால்தான்; படிவத்தில் அவை 'பொழுதுபோக்கு', 'கடை', 'மற்றவை' என்று சிதறிப்போகின்றன. கர்நாடகத்தில் 2023 ஜூனில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபின், பூஜ்ஜியக் கட்டணச் சீட்டு பெண்களின் பேருந்துப் பயணத்தை நாள்தோறும் எண்ணத் தொடங்கியது. அவற்றில் புதிய பயணங்கள் எத்தனை, முன்பே நடந்து எண்ணப்படாதவை எத்தனை என்று பிரித்தறிய, அதற்கு முந்தைய நல்ல கணக்கெடுப்பு வேண்டும்.

கைபேசித் தரவு வந்துவிட்டது, கேள்வித்தாள் எதற்கு என்ற குரலும் எழுகிறது. கைபேசிக் கோபுரத்துக்கு இடம் தெரியும், நோக்கம் தெரியாது. ஒரே கைபேசியை மூவர் பகிரும் வீட்டில் யார் போனார் என்பதும் தெரியாது.

மாற்று வழி கற்பனையன்று. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 1.38 லட்சம் வீடுகளில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் 24 மணி நேரத்தை அரைமணிக் கூறுகளாகப் பிரித்து, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டது. இங்கிலாந்தின் தேசியப் பயணக் கணக்கெடுப்பு ஏழு நாள் குறிப்பேடு தருகிறது; எழுதுவோர் களைத்துவிடுவர் என்பதால் ஒரு மைலுக்குக் குறைந்த நடையை மட்டும் அந்த ஏழில் ஒரு நாளுக்கே கேட்கிறது. எதை விடுவது என்பதையும் அங்கே அமர்ந்து சிந்தித்து முடிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்த நகரத்தின் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் 20,000 வீடுகள் என்பதை 8,000 என்று திருத்தலாம். மிஞ்சும் பணத்தில் நகரின் ஐந்து சதவீத மொழிகள் அனைத்திலும் எழுதப்பட்ட கேள்விகள், இருபது முப்பது வீடுகளில் அவற்றை உரக்கச் சொல்லிச் சோதித்தல், படிவக் கூலிக்குப் பதில் நாட்கூலி, மாலை 7 மணிக்குமேல் இரண்டாம் முறை செல்லும் செலவு ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி எழுதலாம். பயணம் என்ற சொல்லைத் தாளிலிருந்து அகற்றிவிட்டு, "காலையில் எழுந்ததும் முதலில் வாசலைத் தாண்டியது எப்போது, எதற்கு? அதன் பிறகு?" என்று கேட்கலாம்.