வண்டி வந்ததால் பஸ் போகவில்லை

"வீட்டுக்கு வீடு வண்டி வந்தாச்சு, இனி டவுன் பஸ்ஸில் யார் ஏறுவா?" பெரம்பலூரிலும் அரியலூரிலும் டீக்கடையில் தொடங்கி அதிகாரிகள் வரை இதே பேச்சு. கையில் காசு புழங்கினால் பஸ்ஸுக்குத் தேவை குறையும் என்று நம்புகிறார்கள். கூட்டமில்லாத டிரிப்பை வெட்ட இந்த நம்பிக்கைதான் சாக்கு. இது தவறு.

வீட்டுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே வண்டி. அதை அப்பாவோ அண்ணனோ எடுத்துக்கொண்டு போனபின், மகள் கல்லூரிக்கும் பாட்டி ஆஸ்பத்திரிக்கும் எதில் போவார்கள்? பெரம்பலூருக்கு ரயிலும் கிடையாது.

மாறியது இந்த வட்டாரத்தின் பிழைப்பு. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மட்டுமே சோறு போட்ட காலத்தில், ஜனங்கள் டவுனுக்கு வந்தது சந்தைக்கும் தாலுகா ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். காலையில் டவுனுக்கு, மாலையில் ஊருக்கு என்று பஸ் ஓடியது அந்தக் கணக்கில்தான். இன்று வேலை டவுனுக்கு வெளியே கிடக்கிறது. நாரணமங்கலத்தில் டயர் ஆலை. எறையூர் சிப்காட்டில் 2022-இல் அடிக்கல் நாட்டிய காலணிப் பூங்கா. ஜெயங்கொண்டத்தில் 2024-இல் இன்னொரு காலணி ஆலைக்கு அடிக்கல். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று அரியலூரைச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள். சிமெண்ட் சூளையை ராத்திரியில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஷிப்டு மாறி மாறி ஆள் நிற்க வேண்டும். இரவு ஷிப்டு விட்டு வாசலுக்கு வருகிறவர், கடைசி பஸ் எப்போதோ போய்விட்ட ஊர்க்காரர். தவணையில் வண்டி எடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியென்ன? சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்களுக்கு நடுவே, புழுதியில் கண்ணை இடுக்கியபடி அந்த வண்டியை ஓட்டிப்போகிறவரைப் பார்த்து வசதி வந்துவிட்டது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

கம்பெனி பஸ் இருக்கிறதே என்பார்கள். அது கம்பெனி ஆளுக்கு. அதே நிறுத்தத்தில் மருந்துச்சீட்டோடு நிற்கும் கிழவிக்கு அது நிற்காது.

பஸ்ஸை ஜனங்கள் வெறுத்துவிட்டார்கள் என்றால், 2021-இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றதும் அத்தனை பேர் ஏன் ஏறினார்கள்? அந்தச் சலுகையும் புறநகர் பஸ்ஸில் செல்லாது. தூரத்து ஆலைக்குப் போகும் பெண் கூலியில் ஒரு பங்கை டிக்கெட்டுக்கே கொடுக்கிறாள்.

ஆலைக்கு நிலமும் தண்ணீரும் மின்சாரமும் ஒதுக்கும் மேஜையிலேயே போக்குவரத்துக் கழகத்துக்காரரும் உட்கார வேண்டும். ஷிப்டு நேரத்தைக் கேட்டு, விடிகாலையில் ஒரு பஸ்ஸும் ராத்திரி ஷிப்டு விட்டதும் ஒரு பஸ்ஸும் எழுதிக் கொடுத்த பிறகே அனுமதியில் கையெழுத்து விழ வேண்டும்.