மூன்றாவது ஆளாக ஏற்றுங்கள்

"அக்கா, பிராமெட்ரிக் பழைய கேள்வி ஏதாவது இருக்கா?" வளைகுடா ஆம்புலன்ஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். டேட்டாஃப்ளோவில் சான்றிதழ் சரிபார்ப்பு, கணினியில் பிராமெட்ரிக் தேர்வு, அந்த நாட்டு ஆணையத்தின் உரிமம் என்று மூன்று வாசல் தாண்டவேண்டும். போலிச் சான்றிதழோடு ஒருவர் நோயாளியின் மூச்சுக்குழாயில் கைவைக்கக் கூடாது. ஆகவே இந்தக் கெடுபிடி நியாயமே. ஆனால் இவையெல்லாம் தாளைத்தான் சோதிக்கின்றன. கையை யார் சோதிப்பது?

தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையில் நான் ஈஎம்டியாக (அவசர மருத்துவ உதவியாளராக) இருந்தவள். பைலட் வண்டி ஓட்டுவார், நான் பின்னால் நோயாளியோடு. ஊசி போடுவதற்கு முன் போனில் 108 மையத்திலிருக்கும் டாக்டரைப் பிடித்து, "சார், பிரஷர் இறங்குது, என்ன கொடுக்கட்டும்?" என்று கேட்போம். பல வெளிநாட்டுச் சேவைகளில் கையில் இருப்பது எழுதிவைத்த நெறிமுறை மட்டுமே. பாராமெடிக்கே முடிவெடுக்க வேண்டும், அதற்கு அவரே பொறுப்பு. சில இடங்களில் வண்டியும் ஓட்டவேண்டும், அதுவும் சாலையின் வலப்பக்கத்தில். நம் ஊர்ச் சாலையிலேயே ஆம்புலன்ஸ் ஓட்டாதவருக்கு அது எப்படி ஒரே நாளில் வரும்?

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை. அப்படியும் வேலைத்தளத்தில் ஆள் சுருண்டு விழுவது உண்டு. வெப்பத் தாக்கம் என்றால் முதலில் அங்கேயே உடலைக் குளிர்விக்க வேண்டும், ஏற்றிக்கொண்டு ஓடுவது அதற்குப் பிறகு. தேர்வில் இதற்கு எல்லோரும் சரியாக விடை எழுதுவார்கள். களத்திலோ, அருகிலுள்ள ஜிஹெச்சுக்குப் பறந்தே பழகிய கை ஸ்ட்ரெச்சரைத்தான் இழுக்கும். பக்கத்தில் ஓர் அனுபவசாலி நின்று "இரு, முதலில் ஐஸ்" என்று நாலு தடவை சொன்னால்தான் அந்தப் பழக்கம் மாறும். மொழியும் அப்படித்தான். தேர்வு ஆங்கிலத்தில். தொழிலாளர் முகாமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர் பேசுவது வங்காளமோ நேபாளியோ. (நான் வங்காளத்தில் முதலில் கற்றது 'வலி எங்கே' என்ற கேள்வி. பதில் புரியத்தான் நாளானது!)

வெளிநாட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த ஒப்பந்த நிறுவனம் சீருடையைக் கொடுத்த மறுநாளே வண்டியில் ஏற்றியது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 2014 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து நூற்றுக்கணக்கான பாராமெடிக்குகளை எடுத்தது. அவர்கள் பட்டம் பெற்றவர்கள், ஆங்கிலம் தாய்மொழி, இரு நாட்டிலும் வண்டி ஓடுவது இடப்பக்கம். அவர்கள்கூடப் பிரிட்டிஷ் பதிவேட்டில் பெயரேற்றி, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கான சி1 உரிமம் வாங்கி, சைரன் போட்டு ஓட்டுவதையும் பழகவேண்டியிருந்தது. அப்படியிருக்க, திருச்சியிலிருந்து போகிறவரை சில வாரங்களாவது வண்டியில் பணியிலுள்ள இருவரோடு மூன்றாவது ஆளாக உட்காரவைத்து, ஒரு மூத்தவர் கையெழுத்திட்ட பிறகே தனியே விடவேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கையா?

நம் பக்கமும் ஒரு வேலை பாக்கி. வெளிநாட்டு ஆணையங்கள் சொந்த நாட்டுக் கவுன்சிலின் நற்சான்று கேட்கின்றன. நர்ஸுக்கு அதைத் தர நர்சிங் கவுன்சில் இருக்கிறது. ஈஎம்டியோ பல ஆண்டுகளாகக் கம்பெனியின் அனுபவக் கடிதத்தை நீட்டியே காலம் தள்ளினார். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலினர் ஆணையச் சட்டம் ஈஎம்டியையும் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டப்படியான பதிவு ஒவ்வொரு 108 ஊழியருக்கும் தடையில்லாமல் கிடைக்க மாநில அரசு வழிசெய்ய வேண்டும். யார் எத்தனை பிரசவம் பார்த்தார், எந்தெந்த மருந்து கொடுத்துப் பழகினார் என்பதும் அதில் ஏறினால், அங்கே பயிற்சி தருபவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

கிளம்பப்போகும் தம்பி தங்கைகளுக்கு: இந்திய விதிப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை வாரம் மூன்றாவது ஆளாக வைப்பார்கள், ஓட்டுநர் உரிமத்துக்கு யார் பணம் கட்டுவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதித் தராத கம்பெனிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.