யானைக்கால் ஒழிந்துவிட்டதா?

தஞ்சைச் சீமைக்குக் காவிரி கொடுத்த செல்வங்கள் பல. நெல், வாழை, வெற்றிலை எல்லாம் அவள் கொடுத்தவை. ஆனால் ஒரு கெட்ட பெயரும் இந்தச் சீமைக்கு, முக்கியமாகக் கும்பகோணத்துக்கு, இருந்தது. அதுதான் யானைக்கால்!

அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தால் கால் வீங்கும் என்று பயந்தவர்கள் உண்டு. நள்ளிரவில் கதவைத் தட்டி, விரலில் குத்தி ரத்தம் எடுத்த சுகாதார ஊழியர்களைப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை.

இப்போது புதிதாகக் கால் வீங்குவது குறைந்துவிட்டது. வீடு வீடாக மாத்திரை கொடுத்த வேலையும் நின்றுவிட்டது. அப்படியானால் வியாதி ஒழிந்துவிட்டதா?

உடம்பில் ஒரு வடிகால்

வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால். மிச்சத் தண்ணீரை எடுத்துப் போவது வடிகால். வடிகால் கெட்டால் பயிர் மூழ்கும். இது டெல்டா விவசாயிக்குத் தெரிந்த சங்கதி.

உடம்பிலும் அப்படியே. ரத்தக் குழாய்கள் வாய்க்கால். அவற்றிலிருந்து கசியும் நீரைத் திரும்ப எடுத்துச் செல்பவை நிணநீர்க் குழாய்கள். அவைதான் வடிகால்.

இந்த வடிகாலில் ஒரு புழு குடியேறுகிறது. நூல் போல மெல்லியது. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். பல வருடம் உயிரோடு இருக்கும். அது தங்கிய இடத்தில் குழாய் விரிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் கெடுகின்றன. நீர் தேங்குகிறது. கால் வீங்குகிறது.

வயலா? சாக்கடையா?

புழுவைக் கொண்டுவருவது யார்? கொசு! இந்தப் புழு கொசுவின் உடம்பில் வளருவதை 1877-ல் சீனாவில் இருந்த பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். குஞ்சுப் புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் அதிகமாக உலாவும். அதனால்தான் நள்ளிரவில் ரத்தம் எடுத்தார்கள்.

பழி காவிரித் தண்ணீர் மேல் விழுந்தது. குற்றவாளி வேறு. இந்தக் கொசு முக்கியமாக முட்டையிடுவது தேங்கிய சாக்கடையிலும், மூடாத கழிவுநீர்த் தொட்டியிலும்தான். ஓடுகிற ஆற்றில் அல்ல.

மாத்திரை செய்த வேலை

யானைக்கால் தடுப்புத் திட்டத்தை மத்திய அரசாங்கம் 1955-ல் தொடங்கியது. 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் வருடம் ஒரு தடவை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் விலக்கு.

"எனக்குத்தான் நோயே இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று கேட்டவர்கள் பலர். புழு இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளம். அவர்களைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக்காரரையும் கடிக்கும். எல்லோரும் விழுங்கினால்தான் இந்தச் சங்கிலி அறும்.

கடலுக்கு அப்பால் இலங்கை இதைச் சாதித்துவிட்டது. அங்கே யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இந்தியா வைத்திருக்கும் கெடு 2027. பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் நோய் இன்னும் இருக்கிறது. ஊருக்கு ஊர் மக்கள் போய்வரும் காலம் இது. எனவே மாத்திரை நின்றாலும் கண்காணிப்பு நிற்கக் கூடாது.

வைட்டமின் டி தீர்க்குமா?

நிணநீர்க் குழாய்களை வளரச் செய்யும் ஒரு பொருள் உடம்பிலேயே ஊறுகிறது. யானைக்கால் நோயாளிகளின் ரத்தத்தில் அது அதிகமாக இருப்பதை விஞ்ஞானிகள் பார்த்தார்கள். குழாய்கள் தாறுமாறாக வளருவதை அடக்க முடியுமா என்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது.

2017-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வெயில் படும்போது நம் தோலில் உண்டாகும் வைட்டமின் டி, உடம்பில் மாறி வீரியம் பெறுகிறது. அந்த வீரிய வடிவம், புதிய நிணநீர்க் குழாய்கள் முளைப்பதைக் குறைக்கிறது என்பதே அந்த முடிவு.

ஆனால் இது ஆராய்ச்சிக்கூடத்துச் செய்தி. யானைக்காலுக்கு வைட்டமின் டி மருந்து அல்ல. வீங்கிய காலை அது வற்றச் செய்யும் என்று யாராவது விற்க வந்தால் நம்பி ஏமாற வேண்டாம்.

சோப்பும் தண்ணீரும்

ஏற்கெனவே கால் வீங்கியவர்களின் கதி என்ன? மாத்திரை புழுவை அடக்கும். பல வருட வீக்கத்தைப் போக்காது. ஆனால் வீக்கம் முற்றாமல் தடுக்க வழி உண்டு. அதற்குச் செலவும் அதிகம் இல்லை.

தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றித் துடைக்க வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

இதில் கஷ்டப்படுபவர்கள் நடவு செய்யும் பெண்கள். நாள் முழுவதும் சேற்றில் நிற்பவர்களுக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி புகுகிறது. குளிர் காய்ச்சல் வருகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கிறது. கரையேறியதும் காலைக் கழுவித் துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டால் பாதித் துன்பம் குறையும்.

யானைக்கால் பாவத்தின் சம்பளம் அல்ல. பரம்பரை வியாதியும் அல்ல. கால் வீங்கியவரைத் தொட்டால் ஒட்டாது. அவரை ஒதுக்கினால் அவர் வைத்தியத்துக்குப் போகாமல் ஒளிந்துகொள்வார். நஷ்டம் எல்லோருக்கும்தான்.

புழு ரத்தத்திலிருந்து மறையலாம். தெருவில் சாக்கடை தேங்கினால் கொசு மறையாது. மாத்திரை கொடுத்தது அரசாங்கம். சாக்கடையைத் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்வது நகராட்சியும் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை!