வாரண்டி இருந்தும் பணிமனையில் முடங்கும் புதிய வாகனங்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர்,
வாடகைக் கார் மற்றும் சிறு சரக்கு வாகன உரிமையாளர் – ஓட்டுநர் சங்கம்,
நைனார்பாளையம், சின்னசேலம் வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
(மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுத் தலைவர்),
கள்ளக்குறிச்சி.

நகல்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர், மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர், முன்னோடி வங்கி மேலாளர்.

பொருள்: வாரண்டி காலத்தில் பழுதான புதிய வாகனங்களுக்கு உதிரிபாகம் வராமல் அவை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படுவது – பழுது நீக்கித் தரும் தேதியை எழுத்தில் தர ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாங்கள் நைனார்பாளையத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் ஆளுக்கொரு வண்டி வைத்து, அதை நாங்களே ஓட்டிப் பிழைப்பவர்கள். முதலாளி, டிரைவர், கிளீனர் எல்லாம் ஒரே ஆள்தான். பஸ் இல்லாத நேரத்தில் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்களும், ஜிப்மருக்கு மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகிறவர்களும், சின்னசேலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் அறுவடையாகும் மாதங்களில் சரக்கு வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. கார் வைத்திருப்பவருக்கோ தை, மாசி, ஆவணி முகூர்த்தங்களில் வரும் வருமானம்தான் சவாரி இல்லாத மாதங்களின் தவணையையும் தாங்க வேண்டும்.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். வங்கிக் கடனில் எடுத்த மஞ்சள் போர்டு கார். எடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. வெள்ளிமலைக்குச் சவாரி போய்விட்டு இறங்கும்போது, ஒரு வளைவில் ஸ்டியரிங் திடீரென்று இறுகிவிட்டது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். மனிதர் இரண்டு கையாலும் பலம்கொடுத்துத் திருப்பித் திருப்பி, கச்சிராயபாளையம் வரை வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். பவர் ஸ்டியரிங்கை இயக்கும் மின்மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் பழுது, இரண்டையும் மாற்ற வேண்டும், வாரண்டியில் வரும் என்று சர்வீஸ் சென்டரில் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். பழுதைக் கண்டுபிடித்ததில் குறையில்லை. மெக்கானிக்குகள் மீதும் எங்களுக்கு வருத்தமில்லை.

அங்கே கொடுத்த ஜாப் கார்டின் நகலை இம்மனுவோடு இணைத்திருக்கிறோம். தயவுசெய்து அந்த ஒரு தாளை மட்டுமாவது தாங்கள் பார்க்க வேண்டும். வண்டி உள்ளே வந்த தேதி, ஓடிய கிலோமீட்டர், டேங்கில் இருந்த எரிபொருள், ஸ்டெப்னி உண்டா, ஜாக்கி உண்டா, இடப்பக்கக் கதவில் இருந்த பழைய கீறல் வரை எல்லாம் எழுதியிருக்கிறது. டெலிவரி தேதிக்கான கட்டம் மட்டும் காலி. அதன் ஓரத்தில் பேனாவால் ‘பார்ட்ஸ் வரணும்’ என்று இரண்டே சொல்.

பார்ட்ஸ் எப்போது வரும் என்று கேட்டால் கம்பெனிக்கு ஆர்டர் போட்டாச்சு என்கிறார் டீலர். கம்பெனியின் இலவச எண்ணில் கேட்டால், டீலரை அணுகுங்கள் என்று சொல்லி ஒரு புகார் எண்ணைக் கொடுத்து வைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை அழைத்தால் வேறொரு எண். இதற்கிடையில் வண்டி வெட்டவெளியில் நின்று பேட்டரி இறங்கியது. பானெட்டுக்குள் எலி புகுந்து வயரைக் கடித்தது. எலி கடித்தது வாரண்டியில் வராதாம், வயரிங் செலவு உரிமையாளர் கணக்கு என்கிறார்கள். பழுதான பாகம் வந்திருந்தால் அந்த வண்டி அங்கே நின்றிருக்கவே போவதில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இது ஒருவரின் கதை மட்டுமல்ல. எரிபொருள் பம்ப் பழுதாகிக் காய்கறி லோடோடு நெடுஞ்சாலையில் நின்றுபோன சரக்கு வண்டி உட்பட, இதேபோல் காத்திருக்கும் மற்ற உறுப்பினர்களின் விவரங்களையும் தனித்தாளில் இணைத்துள்ளோம். நிறுவனங்களின் பெயரைக் கடிதத்தின் நடுவில் சொல்லி யாரையும் சந்திக்கு இழுப்பது எங்கள் நோக்கமல்ல. விசாரிக்கும்போது அந்தத் தாளைப் பார்த்தால் போதும்.

வண்டி நின்றாலும் அதன் கணக்கு நிற்பதில்லை. மாதம் பிறந்தால் தவணை. ஒரு தவணை தவறினால் அபராதக் கட்டணம், அதோடு சிபில் மதிப்பெண்ணும் இறங்குகிறது. இன்சூரன்ஸ் பிரீமியம் ஓட்டாத நாளுக்கும் சேர்த்தே கட்டியது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வாரண்டியின் கடிகாரம் பணிமனையிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதம் நின்ற வண்டிக்கு மூன்று மாத வாரண்டி வீணாகிறது. கம்பெனியின் தாமதத்தால் கம்பெனியின் பொறுப்பே குறைகிறது. இதைவிட விநோதமான கணக்கை நாங்கள் வட்டிக்கடையில்கூடப் பார்த்ததில்லை.

வெளியில் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். கள்ளக்குறிச்சியிலும் ஆத்தூரிலும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் இன்றைய வண்டியில் புதிய கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினால் மட்டும் போதாது, கம்பெனியின் மென்பொருளால் அதை வண்டியோடு இணைக்கவும் வேண்டும். அந்த மென்பொருள் வெளி ஆளுக்குக் கிடைக்காது. மீறிக் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம் வேறு. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுநீக்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தபோது, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள்கள், விவசாயக் கருவிகள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி அதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. உதிரிபாகமும் பழுதுநீக்கும் விவரமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கம் இன்னும் சின்னசேலம் வட்டத்துக்கு வந்து சேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எங்களால் இயன்றவரை விசாரித்தே வந்திருக்கிறோம். நாங்கள் யாரும் புது வண்டி கேட்கவில்லை. வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றித் தரவோதான், முழு வண்டியையும் மாற்றித் தர அல்ல என்று மாருதி உத்யோக் – சுஷீல்குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் கூறிவிட்டது. அதை ஏற்கிறோம். அந்தப் பாகத்தையாவது கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். எத்தனை நாளில் என்று வாரண்டிப் புத்தகத்தில் இல்லை என்கிறார்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 46ஆம் பிரிவு சொல்கிறது. கார் என்ற பொருளே உலகத்தில் இல்லாத காலத்துச் சட்டம் அது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982லேயே இதற்கென்று தனிச் சட்டம் இயற்றி, புது வண்டி பழுதுக்காக மொத்தம் 30 நாள் முடங்கினால் வாங்கியவருக்குப் பரிகாரம் உண்டு என்று வரையறுத்தது. நம் நாட்டில் அப்படி நாள் கணக்குப் போட்ட சட்டம் இல்லாததுதான் அந்தக் காலிக் கட்டத்துக்குக் காரணம்.

இன்னொரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஆட்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று வாயைத் திறந்தாலே, “உங்களுடையது கமர்ஷியல் வண்டி, நீங்கள் நுகர்வோர் கிடையாது” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மஞ்சள் போர்டைக் காட்டி இப்படிச் சொன்னதும் பலர் நம்பித் திரும்பிவிடுகிறார்கள். இது தவறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(7)ஆம் பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று தெளிவாக இருக்கிறது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விளக்கம் இருந்தது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதற்கு உதாரணம் சொன்னபோது, ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும், லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோரே என்றது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றும் சொன்னது. முப்பது ஆண்டுகள் ஆகியும் இந்தச் செய்தி சர்வீஸ் சென்டர் கவுன்டர்களுக்கு எட்டவில்லை.

இனி எங்கள் கோரிக்கைகள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, நுகர்வோர் பலரை ஒருசேரப் பாதிக்கும் புகாரை மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் அளிக்கலாம். 16ஆம் பிரிவு, அப்படிப்பட்ட புகாரை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தைத் தங்களுக்கு அளிக்கிறது. இம்மனுவை அத்தகைய புகாராக ஏற்று விசாரணைக்கு உத்தரவிட வேண்டுகிறோம். சர்வீஸ் தாமதத்தை அந்த ஆணையம் கண்டுகொள்ளாது என்று யாரும் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் தொடர்பாக, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓராண்டில் வந்த 10,644 புகார்களின் அடிப்படையில் 2024 அக்டோபரில் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் சொன்ன பிறகும் மேல்விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் புகார்களில் ஆயிரக்கணக்கானவை சர்வீஸ் தாமதம் பற்றியவை. எங்கள் பக்கத்தில் 1915 என்ற அந்த உதவி எண்ணே பலருக்குத் தெரியாது.

தாங்கள் தலைவராக உள்ள மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை கூட வேண்டும் என்கிறது சட்டம். அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து, டீலர்கள், சர்வீஸ் சென்டர் மேலாளர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், வங்கியாளர்கள், எங்கள் சங்கப் பிரதிநிதிகள் அனைவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். ஒரு தனியார் நிறுவனத்தின் வாரண்டி நிபந்தனையை ஆட்சியர் உத்தரவால் மாற்றிவிட முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் தங்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அதற்கு மதிப்பே வேறு. ஒப்புக்கொள்ள வேண்டியவையும் பெரிய விஷயங்கள் அல்ல. ஜாப் கார்டில் டெலிவரி தேதியை எழுத வேண்டும். உதிரிபாகம் ஆர்டர் போட்டிருந்தால் பாகத்தின் எண், ஆர்டர் தேதி, வரும் தேதி மூன்றையும் எழுத்தில் தர வேண்டும். 15 நாளைத் தாண்டினால் மாற்று வண்டியோ, நாள்படியோ தர வேண்டும். நின்ற நாள் அத்தனையையும் வாரண்டியோடு சேர்த்து நீட்டிக்க வேண்டும். பணிமனை வளாகத்தில் எலி கடித்தாலும் பேட்டரி இறங்கினாலும் அது பணிமனையின் செலவு.

ஸ்டியரிங், பிரேக் போன்றவற்றில் வரும் பழுது உயிர் சம்பந்தப்பட்டது. 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின்படி, பாதுகாப்புக் குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் அமலில் உள்ளன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். எங்கள் உறுப்பினரின் வண்டியில் வந்தது அந்த ஒரு வண்டியின் குறையா, அந்த மாடலின் குறையா என்று எங்களால் சொல்ல முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இத்தகைய புகார்களை வாங்கி, உரிய இணையதளத்தில் பதிவுசெய்ய உதவ வேண்டும். கல்வராயன்மலைச் சாலைகளில் ஆள் ஏற்றிப் போகும் வண்டிகளுக்காவது இதை உடனே தொடங்க வேண்டும்.

வாரண்டிப் பழுதால் வண்டி நிற்கிறது என்று சர்வீஸ் சென்டர் சான்று கொடுத்தால், அந்தக் காலத் தவணையைக் கடனின் கடைசியில் சேர்த்துக்கொள்ளவும், அபராதக் கட்டணம் போடாமலிருக்கவும் வங்கிகளுக்கு முன்னோடி வங்கி மூலம் அறிவுறுத்த வேண்டும். தாட்கோ போன்ற அரசு மானியத் திட்டங்களில் வண்டி எடுத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். அரசு கைகொடுத்துத் தூக்கிவிட்டவரை ஓர் உதிரிபாகம் கடன்காரராக்கி உட்கார வைக்கக்கூடாது.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதற்கு இன்றைக்குப் பணம் தடையல்ல. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வாங்கிய ஊரில் அல்லாமல் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம், இணையவழியிலும் போடலாம். பிரச்சினை, போடத் தெரியாததுதான். இ-சேவை மையங்களில் இதற்கு உதவவும், வட்ட சட்டப் பணிகள் குழு வழக்கறிஞர் ஒருவர் குறிப்பிட்ட நாளில் நைனார்பாளையம் வந்து மனு எழுதிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

முகூர்த்த மாதம் நெருங்குகிறது. எல்லாக் கோரிக்கைகளும் ஒரே நாளில் நிறைவேறிவிடாது என்பதை அறிவோம். ஜாப் கார்டில் தேதி எழுதச் சொல்லும் ஒரு சுற்றறிக்கைக்குக் கூட்டமும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை. அதை இந்த வாரமே அனுப்பி உதவுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நைனார்பாளையம்.